பகடை உருட்டியும் எண் வரவில்லை: ஓர் ஆசிரியையின் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டு வழிக் கற்றலைப் பற்றித் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையை, மதிய உணவு இடைவேளையில் பள்ளித் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். பிள்ளைகள் விளையாடிப் படிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருப்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் எந்த விளையாட்டு, அதில் பிள்ளை என்ன செய்தால் பாடம் ஏறும், எப்போது ஏறாது என்ற பேச்சே கட்டுரையில் இல்லை. அந்த இடத்தில் நான் பல ஆண்டுகள் தடுமாறியிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை ஒன்றியத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு அறை, ஐந்து வகுப்பு. பெற்றோரில் பாதிப் பேர் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் போகிறவர்கள், மீதிப் பேர் சிவகாசி அச்சகங்களில் வேலை பார்ப்பவர்கள். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய, பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் முறை 2007-08இல் மாநிலம் முழுவதும் வந்தபோது நான் வேலைக்குப் புதிது. பாடத்தின் படிகளை வரிசையாகக் காட்டும் ஏணிப்படி, அட்டைகள், தரையில் வட்டமாக உட்காரும் பிள்ளைகள் என்று அதிலேயேதான் நான் ஆசிரியையாக வளர்ந்தேன். 2022இல், அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் அரசுத் திட்டமான எண்ணும் எழுத்தும் வந்தது. கற்றல் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து ஆட்டமும் பாட்டுமாக நடத்துகிறோம். ஆக, விளையாட்டு எனக்குப் புதிதில்லை. விளையாட்டு எனக்குக் கைகொடுக்காமல் போன கதையைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னால் இரண்டாம் வகுப்புக்கு 100 வரை எண்கள் பழக்க, பரமபதத்தைக் கையில் எடுத்தேன். கடையில் விற்கும் அதே பலகைதான். வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழிக்க வீட்டில் ஆடுவார்களே, அதைப் போலவே பிள்ளைகள் அப்படி ஓர் ஆர்வத்தோடு ஆடினார்கள். மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள். மூன்று வாரம், தினமும் அரை மணி நேரம். எனக்கு ஒரே மகிழ்ச்சி. அப்புறம் ஒரு நாள் கரும்பலகையில் 29 என்று எழுதி, அடுத்து என்ன என்று கேட்டேன். அந்த மூன்று வாரமும் அதிகமாக ஜெயித்த சிறுமி எழுந்து, "இருபத்திப் பத்து டீச்சர்" என்றாள்.

அன்று சாயங்காலம் அவள் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். காய் 27இல் இருக்கிறது. பகடையில் ஐந்து விழுகிறது. அவள் காயைத் தூக்கி, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்று தட்டிக்கொண்டே போய் வைத்தாள். பாம்பு இல்லை என்று பார்த்ததும் பகடையை அடுத்த பிள்ளையிடம் கொடுத்துவிட்டாள். கட்டத்தில் எழுதியிருந்த 32ஐ அவள் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டிய தேவையும் அவளுக்கு இல்லை. மூன்று வாரமாக அவள் ஒன்று முதல் ஆறு வரை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள், அவ்வளவுதான். ஜெயிக்க அதுவே போதும். பலகையில் 100 எண்கள் அச்சடித்திருந்தும் அந்த ஆட்டத்தில் அவற்றுக்கு வேலையே இல்லை.

எம்.எட். படிக்கும் என் தங்கை மகளிடம் இதைச் சொன்னபோது, இதையே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள் பெரியம்மா என்று எடுத்துக் காட்டினாள். அமெரிக்காவில் கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற இருவர் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. ஏழைக் குடும்பத்துச் சிறு பிள்ளைகளுக்கு 1 முதல் 10 வரை ஒரே வரிசையில் எண் எழுதிய பலகையைக் கொடுத்து இரண்டு வாரத்தில் நான்கே முறை ஆட வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம்தான். அந்தப் பிள்ளைகளுக்கு எண்ணறிவு நன்றாக முன்னேறியிருக்கிறது. அதே பலகையில் எண்ணுக்குப் பதிலாக வண்ணம் தீட்டி ஆட வைத்த பிள்ளைகளிடம் அந்த முன்னேற்றம் இல்லை. அதற்கும் மேலாக, 2014இல் எலிடா லாஸ்கியும் சீக்லரும் 100 வரை உள்ள பலகையை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். காய் நகர்த்தும்போது "ஒன்று, இரண்டு" என்று எண்ணிய பிள்ளைகளைவிட, நிற்கும் கட்டத்திலிருந்து தொடர்ந்து எண்ணிய பிள்ளைகள்தான் அதிகம் கற்றிருக்கிறார்கள். எங்கள் பள்ளித் தரையில் நான் பார்த்த அதே விஷயம்.

சரி, மறுநாளே விதியை மாற்றினேன். 27இல் நின்று ஐந்து விழுந்தால், "இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு" என்று சொல்லித்தான் காய் நகர்த்த வேண்டும். சொல்ல வராவிட்டால் பக்கத்துப் பிள்ளை எடுத்துக்கொடுக்கலாம், ஆனால் ஆடுகிறவர் அதைத் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். தப்பாகச் சொன்னால் ஆட்டம் போச்சு என்று முதலில் வைத்திருந்தேன். அதை இரண்டே நாளில் எடுத்துவிட்டேன். தடுமாறுகிற பிள்ளைக்குத்தானே அதிக வாய்ப்பு வேண்டும்? அவர்களுடைய முறையைப் பறித்தால் யாருக்கு என்ன லாபம்?

அப்போதுதான் பலகையின் இன்னொரு குறையும் கண்ணில் பட்டது. கடைப் பலகையில் முதல் வரிசை இடமிருந்து வலம் போகும், அடுத்தது வலமிருந்து இடம் திரும்பும். 10க்கு நேர் மேலே 11, 1க்கு நேர் மேலே 20. ஆடுவதற்கு அது வசதிதான். ஆனால் பத்து பத்தாக எண் ஏறுவதைப் பிள்ளை அதில் பார்க்க முடியாது. அச்சகத்தில் வெட்டிக் கழித்த கெட்டி அட்டையை ஒரு மாணவனின் அப்பா கட்டாகக் கொண்டுவந்து போட்டிருந்தார். அதில் கோடு போட்டுப் புதிதாக எழுதினேன். கீழ் வரிசையில் 0 முதல் 9, அதற்கு மேல் 10 முதல் 19, கடைசி வரிசையில் 90 முதல் 99. எல்லா வரிசையும் இடமிருந்து வலம். ஏணிகள் எல்லாம் நேர்செங்குத்து. 14இல் ஏறினால் 24, 23இல் ஏறினால் 53. பாம்பும் அப்படியே, 87இல் கடித்தால் 47. கீழே இறங்கி வருகிற பாம்புக்கு வளைவு வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டதால் உடம்பை மட்டும் கொஞ்சம் நெளித்து வரைந்தேன்.

நான்காம் நாள் ஒரு பையன் கத்தினான்: "டீச்சர், ஏணியில ஏறினா பின்னாடி நம்பர் மாறவே மாட்டேங்குது, முன்னாடி நம்பர் மட்டும்தான் மாறுது!" எல்லாரும் ஓடி வந்து ஒவ்வோர் ஏணியாகச் சரிபார்த்தார்கள். இடமதிப்பைப் பத்து வருஷமாகக் கரும்பலகையில் குச்சிக் கட்டு வரைந்து நடத்தியிருக்கிறேன். ஒரு பிள்ளை இப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

தமிழில் எண்ணும்போது வருகிற ஒரு சிக்கலும் இந்தப் பலகையால்தான் எனக்கு விளங்கியது. எழுபது, எண்பது என்று வந்துகொண்டிருக்கும் வரிசையில் திடீரென்று தொண்ணூறு. பிள்ளையின் காதில் அது நூறு மாதிரி விழுகிறது. 89க்கு அப்புறம் நேரே நூறுக்குத் தாவுகிற பிள்ளைகள், தொண்ணூறு நூறைவிடப் பெரியது என்று அடித்துச் சொல்கிற பிள்ளைகள், எல்லாரும் எங்களிடம் உண்டு. அதனால் 90இல் ஒரு வாசல் வரைந்தேன். அந்த வாசலுக்குள் நுழைய, 85 முதல் 95 வரை நிறுத்தாமல் சொல்ல வேண்டும். தவறினால் வாசலிலேயே நின்று அடுத்த முறை முயலலாம். ஒரு மாதத்தில் அந்தத் தடுமாற்றம் அநேகமாகப் போய்விட்டது.

பகடைச் சத்தம் பெரிய பிரச்சினை. ஒரே அறையில் மூன்று வகுப்பு இருந்தால் அது புரியும். டிபன் பாக்ஸ் மூடியில் பழைய துணியை ஒட்டி, அதற்குள் உருட்டச் சொல்கிறோம்.

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம் ஒன்றுதான். ஆட்டத்தில் முன்னேற எதைச் செய்ய வேண்டுமோ அதைத்தான் பிள்ளை பழகும். பாடம் அந்த நகர்வுக்குள்ளேயே இருக்க வேண்டும். ஒரு நன்கொடையாளர் தந்த கைக்கணினியில் கணக்கு விளையாட்டு ஒன்று இருந்தது. கேள்வி வரும், நான்கு விடை வரும், சரியாகத் தொட்டால் நட்சத்திரம் மின்னும், யானை ஆடும். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் நாற்பது நட்சத்திரம் வாங்கியிருந்தான். எப்படி என்று பின்னால் நின்று பார்த்தேன். கேள்வியைப் படிக்காமலே நான்கு விடையையும் மேலிருந்து கீழே படபடவென்று தொடுகிறான். தப்புக்கு ஒன்றும் குறையாது, சரியானது பட்டதும் யானை ஆடிவிடும். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆட்டம் கேட்டது விரல் வேகம், அவன் அதைக் கற்றுக்கொண்டான். எட்டும் ஐந்தும் எத்தனை என்று கேட்டபோது விரலை மடக்கத் தொடங்கினான். கைக்கணினியே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாங்கிக் கொடுக்கிறவர்கள், ஒரு பிள்ளை அதில் ஆடுவதை அரை மணி நேரம் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு வாங்க வேண்டும் என்கிறேன்.

இதற்கு நேர்மாறாக, எங்கள் பள்ளியில் மிக நன்றாக ஓடுகிற ஒரு தமிழ் விளையாட்டைச் சொல்கிறேன். செலவு ஒன்றும் கிடையாது. எங்கள் பக்கத்தில் 'ழ' வராது. பழம் பளமாகும், மழை மளையாகும். 'ல'வும் 'ள'வும்கூடக் கலந்துதான் ஒலிக்கும். திருத்திக்கொண்டே இருந்தால் பிள்ளை வாயைத் திறப்பதையே நிறுத்திவிடும். அதனால் படச் சீட்டுகள் வரைந்தோம். புலியும் புளியும், பல்லியும் பள்ளியும், வாலும் வாளும், மலையும் மழையும். இரண்டு பிள்ளைகள் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வேண்டும். ஒருவர் கையில் எல்லாச் சீட்டும் இருக்கும். மற்றவர் தனக்கு எது வேண்டும் என்று ரகசியமாக எனக்குக் காட்டிவிட்டு வாயால் கேட்க வேண்டும். காதில் என்ன விழுந்ததோ அதைத்தான் எடுத்துத் தோளுக்கு மேல் நீட்ட வேண்டும். பள்ளிக்கூடம் கேட்டவள் கைக்குப் பல்லி வரும். முதல் நாள் அறையே சிரித்து உருண்டது. நான் ஒருவரையும் திருத்தவில்லை. தவறான சீட்டைப் பார்த்ததும் பிள்ளையே நாக்கை மடித்து, "ப...ள்...ளி" என்று மறுபடி கேட்கிறது. எழுத்துப் பிழையும் இதனால் குறைந்தது, ஏனென்றால் இப்போது அந்த இரண்டு சொல்லும் அவர்களுக்கு வேறு வேறு ஒலி.

நான் உண்டாக்கிய விளையாட்டு எல்லாமே இப்படி அமைந்துவிடவில்லை. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால் இவற்றைச் சேர்த்து எழுத்து உண்டாக்கும் சீட்டு ஆட்டம் ஒன்று போட்டேன். கண்ணாடித் தாளில் குறிகளை எழுதி, மெய்யெழுத்துச் சீட்டின் மேல் வைத்தால் 'கொ', 'கோ' என்று உருவாகும். அதைப் பார்க்கவே அழகு. முதலில் சொல்கிறவருக்குச் சீட்டு என்று விதி வைத்ததுதான் தப்பு. தினமும் அதே இரண்டு பேர் அத்தனை சீட்டையும் அள்ளினார்கள். இரண்டாவது வாரம் ஒரு சிறுமி, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று ஆட்டம் தொடங்கும்போதெல்லாம் எழுந்து போக ஆரம்பித்தாள். அவளுக்குக் 'கொ'வும் தெரியும், 'கெ'வும் தெரியும். சொல்லக் கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான். அந்த நேரத்தை என் விளையாட்டு அவளுக்குத் தரவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வலிக்கிறது. அப்புறம் போட்டியை எடுத்துவிட்டு, நான்கு பேரும் ஒரு கட்சி, எதிரே ஒரு கரடிக் காய் என்று மாற்றினேன். ஒவ்வொருவரும் முறை வைத்து ஒரு சொல் உண்டாக்க வேண்டும், சுற்று முடியும்போதெல்லாம் கரடி ஒரு கட்டம் நெருங்கும். இப்போது அவள் யோசிக்கும்போது மற்ற மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

பல்லாங்குழியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க எனக்கு மனம் வராது. ஐந்தாம் வகுப்புக்கு அதை அறிமுகம் செய்தபோது எனக்கே ஆட்டம் சரியாக மறந்திருந்தது. ஒரு மாணவியின் அப்பத்தாவை வரச் சொன்னேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், பள்ளிக்கூடம் போனதில்லை. வந்தவர் முதலில் என் கையில் இருந்த குன்றிமணியைப் பார்த்து, "டீச்சரம்மா, இத எடுத்து வைங்க, வாயில போட்டா விசம்" என்றார். நல்லவேளை. குன்றிமணி உண்மையிலேயே கொடிய நஞ்சு. பள்ளியில் அழகுக்காக அதை வைத்திருக்கும் ஆசிரியர்கள் தயவுசெய்து இன்றே அப்புறப்படுத்த வேண்டும். புளியங்கொட்டை போதும். ஒன்றாம் வகுப்புக்கு அதுவும் வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்வார்கள். பெரிய பொத்தான் வைக்கலாம்.

14 குழி, குழிக்கு 5 காய், மொத்தம் 70. ஒரு குழியை அள்ளி, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போய், காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ள வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் தடவிவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். இடையில் ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்வார். அப்பத்தா பலகையைப் பார்த்ததும், "மொத எடுப்புல எங்கிட்டு எடுத்தாலும் ஏழுதான் தாயி" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்க ஆரம்பித்தார். பிள்ளைகள் நம்பவில்லை. ஒவ்வொரு குழியிலிருந்தும் தொடங்கிப் பார்த்தார்கள். காயைப் போட்டு முடித்ததும் எழுபதையும் திரும்ப அடுக்கி, அடுத்த குழி. பதினான்கு முறையும் ஏழு. ஏன் என்று கேட்டேன். ஒரு பையன் நோட்டில் வட்டமாகப் பதினான்கு குழி வரைந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் குழியில் உள்ளதை மாற்றி மாற்றி எழுதினான். அள்ளுவது 5, 5, 5, 6, 6. அப்புறம் வெறுங்குழி, அதற்கடுத்ததில் 7. "எல்லாக் குழியிலயும் அஞ்சுதான இருக்கு, வட்டம்தான, அப்ப எங்க ஆரம்பிச்சாலும் ஒண்ணுதான டீச்சர்" என்றான். கல்லூரியில் கணிதம் படிப்பவர்கள் இதைச் சமச்சீர் என்பார்கள். அவன் புளியங்கொட்டையை வைத்து அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தான். அதற்குப் பிறகு, ஒரு குழியில் ஒரு காய் கூட்டினால் என்ன ஆகும் என்று அவர்களாகவே ஆரம்பித்துவிட்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவன் நோட்டில் எழுதியிருக்காவிட்டால் அது அத்தோடு போயிருக்கும். விளையாட்டில் வந்தது பாடத்துக்கு வர ஒரு பாலம் வேண்டும், அது தானாக அமையாது. இதற்கும் ஆய்வு இருக்கிறது. 2017இல் சயன்ஸ் என்ற அறிவியல் ஆய்விதழில் வந்தது. மொய்ரா டில்லன், எலிசபெத் ஸ்பெல்கி, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டவர்கள், பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்போடு சேர்ந்து தில்லியில் 1,500க்கும் மேற்பட்ட முன்பருவப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தினார்கள். எண்ணும் வடிவமும் சார்ந்த விளையாட்டுகளைச் சில மாதங்கள் ஆடிய பிள்ளைகளுக்கு, எது அதிகம் எது குறைவு என்று பார்வையிலேயே கணிக்கும் திறன் ஓராண்டு கழித்தும் நிலைத்திருந்தது. ஆனால் ஒன்றாம் வகுப்புக்குப் போனபோது, பள்ளிக்கூடத்துக் கணக்கில் அவர்கள் மற்றவர்களைவிட முன்னே இல்லை. இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அப்புறம் நம்மிடமே உள்ள ஒரு பழக்கம் நினைவுக்கு வந்தது. விளையாட்டு முடிந்ததும் மணி அடிக்கும், பலகையை அடுக்கி வைப்போம், அடுத்து பாடப்புத்தகத்தைத் திறப்போம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இப்போது எங்கள் பள்ளியில் கடைசிப் பத்து நிமிடம் ஆட்டம் கிடையாது. காய் எங்கே நின்றது, எத்தனை விழுந்தது, எங்கே போனது என்று ஒவ்வொருவரும் தன் ஆட்டத்தில் மூன்று நகர்வை நோட்டில் எழுத வேண்டும். 27 + 5 = 32 என்று. அதுதான் எங்களுக்கு வீட்டுப்பாடமும்.

சில மனக்குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கற்றல் கற்பித்தல் கருவிகள் கண்காட்சி என்று நடக்கும். தெர்மாகோலும் ஜிகினாவும் பளபளக்கும். பரிசு வாங்கிய கருவிகளை எடுத்துக்கொண்டுபோய்ப் பிள்ளையின் கை எட்டாத உயரத்தில் மாட்டிவிடுகிறோம். எங்கள் பரமபதப் பலகையை ஒரு முறை எடுத்துப் போனேன். ஓரம் பிய்ந்து, பிள்ளைகளின் விரல் பட்டு 40களின் வரிசை மங்கிப் போயிருந்தது. பார்வைக்கு வந்தவர் ஒருவர், இதைப் புதிதாகச் செய்து கொண்டுவந்திருக்கலாமே என்றார். ஒரு பலகை மங்கியிருக்கிறது என்றால் எத்தனை பிள்ளைகள் அதில் ஆடியிருக்கிறார்கள் என்றுதானே முதலில் கேட்க வேண்டும்? இன்னொரு முறை, வகுப்பைப் பார்க்க வந்தவர் வாசலிலேயே நின்று, "விளையாட விட்டுட்டீங்களா?" என்று கேட்டார். உள்ளே வந்து ஒரு பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும்.

பெற்றோர் பக்கமும் அப்படித்தான். பிள்ளை வீட்டுக்குப் போய் இன்றைக்குப் பரமபதம் ஆடினோம் என்று சொன்னால் அம்மாவுக்குப் பயம் வருகிறது. ஆலையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள், பிள்ளையாவது படித்துத் தப்பிக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஒரு மாணவியின் அம்மா என்னிடம் சண்டைக்கே வந்தார். நான் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை, உட்காரச் சொல்லி அவர் மகளோடு ஓர் ஆட்டம் ஆட வைத்தேன். முடிந்ததும், "இத வீட்டுக்குக் கொண்டுபோலாமா டீச்சர்?" என்று கேட்டார். இப்போது வெள்ளிக்கிழமை தோறும் ஐந்து பலகைகள் வீட்டுக்குப் போய்த் திங்கட்கிழமை திரும்புகின்றன. திரும்பாதவையும் உண்டு, பரவாயில்லை.

எங்கள் ஒன்றியத்தில் விஜயகரிசல்குளத்தில் 2022 முதல் நடந்த அகழாய்வில் சுடுமண் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் கிடைத்தன. அந்தப் பொருள்களைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்த சில்லைப் பார்த்ததும் மூன்றாம் வகுப்புப் பெண் தன் பாவாடைப் பைக்குள் கையைவிட்டு, காலையில் பாண்டி ஆடிய ஓட்டுச் சில்லை எடுத்துக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்து ஒத்துப்பார்த்தாள். அளவு ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. வழிகாட்டியாக வந்தவர் ஏதோ சொல்ல ஆரம்பித்து, அவளைப் பார்த்து நிறுத்திவிட்டார். திரும்பி வரும் வழி முழுக்க, அந்தக் காலத்தில் எத்தனை கட்டம் போட்டு ஆடியிருப்பார்கள் என்பதுதான் வேனுக்குள் பேச்சு.

கல்வித் துறையிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் எங்களுக்குப் பயிற்சி தருகிறீர்கள், அதில் மாதம் ஒரு மணி நேரத்தை விளையாட்டுக்கு ஒதுக்குங்கள். காணொளி காட்ட வேண்டாம். ஆசிரியர்கள் தாங்கள் செய்த விளையாட்டைக் கொண்டுவந்து, எதிரே உட்கார்ந்து ஆடிப் பார்க்கட்டும். ஓடாத விளையாட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள், எந்த இடத்தில் பிள்ளை பாடத்தைத் தாண்டிக் குதித்தது என்று பேசட்டும். என் பரமபதத்தின் கோளாறு எனக்குத் தெரிய மூன்று வாரம் ஆனது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் அதை ஆடியிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். அச்சடித்து அனுப்பும் விளையாட்டு அட்டைகளையும், மாநிலம் முழுவதும் அனுப்பும் முன் நாலைந்து கிராமப் பள்ளிகளில் ஒரு மாதம் ஆடவிட்டுப் பாருங்கள். சிவகாசி பக்கத்தில்தான் இருக்கிறது, வெட்டுக் கழிவு அட்டை மலிவாகக் கிடைக்கும். ஒவ்வொரு குறுவள மையத்துக்கும் ஒரு கட்டு அட்டையும் நான்கு நல்ல கத்தரிக்கோலும் தந்தால் போதும். எங்கள் பள்ளியில் இருக்கும் கத்தரிக்கோல் ஒன்றுதான், அதுவும் என் வீட்டிலிருந்து கொண்டுவந்தது.

பலகையின் அளவு, ஏணி பாம்பு இடங்கள், புலி-புளி சீட்டுகளின் பட்டியல் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இக்கடிதத்தோடு வைத்திருக்கிறேன். இடம் இருந்தால் அதையும் வெளியிடுங்கள். யார் வேண்டுமானாலும் படியெடுத்துக்கொள்ளலாம். அவர்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேறு எண்ணில் தடுமாற்றம் இருந்தால், அந்த எண்ணில் வாசலை வரைந்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
இடைநிலை ஆசிரியை ஒருவர்,
வெம்பக்கோட்டை ஒன்றியம்,
விருதுநகர் மாவட்டம்.